என் மகளின் நேர்காணலுக்கு நான் எழவில்லை

எனக்கு எச்ஐவி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் உங்களில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. என் கணவரிடமிருந்து வந்தது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன், கிருமி கட்டுக்குள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

அவர் போய் ஐந்து வருடம் கழித்து எனக்குள் ஏதோ நின்றுபோனது. அழுகை இல்லை, வலி இல்லை. எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ரெங்கம் ஊரில் என் வீட்டு முன்னறையில் காலையில் உட்கார்ந்தால் பிற்பகல்வரை அங்கேயே இருப்பேன். துணி வாளியில் ஊறி நாறும். பல் துலக்க வேண்டும் என்று தெரியும், கை எழாது. குளுவாங் தொழிற்சாலை வேலையும் போனது. என் மகள் யாமினிதான் பள்ளிக்குப் போகுமுன் சோறாக்கி, மாத்திரையை என் கையில் வைத்துவிட்டுப் போவாள். என் அண்ணன் என்னைச் சோம்பேறி என்றார். நானும் அதை நம்பினேன்.

பள்ளி முடிந்ததும் யாமினி தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஜொகூர் பாருவில் நேர்காணல். பெற்றோர் கூட வந்தாக வேண்டும். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை. சான்றிதழ்களைப் பையில் வைத்து, என் சேலையையும் தேய்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. எழுந்திரும்மா."

வருகிறேன் என்றுதான் சொன்னேன். எழவில்லை. முன்னால் மண்டியிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் போய்விட்டது. வாடகைக் கார் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அதற்கும் நான் எழவில்லை. வெயில் ஏறியதும் உடை மாற்றிக்கொண்டு வந்து, என் முன் தட்டை வைத்தாள். பிறகு சமையலறையில் அவள் அழுவது கேட்டது. பெற்ற பிள்ளை அழுகிறாள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

சாமி மேடைவரை போகக்கூட எழவில்லை. உட்கார்ந்தபடியே அம்மனிடம் கேட்டேன்: "தாயே, நோயைத் தீர்க்கச் சொல்லல. என் பிள்ளைக்கு ஏதாவது செய்யணும்னு ஒரு ஆசைய மட்டும் கொடு." தினமும் அதையே கேட்டேன்.

அடுத்த மாதம் யாமினி என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே புதிதாக ஒரு மிஸ்ஸி, தமிழ்த் தாதி. மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நேத்து காலையிலருந்து என்னக்கா செஞ்சீங்க?"

உட்கார்ந்திருந்தேன் என்றேன். மீதியை யாமினி சொன்னாள். மிஸ்ஸி எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தார். பல கேள்விகளுக்குப் பிறகு டாக்டர், இது சோம்பல் இல்லை, இந்த நோய் உள்ள சிலருக்கு ஊக்கமே இப்படி அற்றுப்போவதுண்டு என்றார். மனம் வரட்டும் என்று காத்திராமல் நேரம் வைத்துச் செய்யச் சொன்னார். கைப்பேசி மணி அடித்தால் குளியல். அடுத்த மணிக்கு உலை. வாரம் ஒருமுறை மிஸ்ஸி கூப்பிட்டு விசாரிப்பார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவள் அம்மன்தான் என்று நம்புகிறேன்.

முதலில் பாதி நாள் தோற்றேன். ஒரு நாள் நெத்திலி சம்பல் கிண்டும்போது, யாமினிக்குப் பிடிக்க வேண்டுமே என்று ருசி பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

ஆனால் அவளுக்கு அந்த இடம் மறுபடி கிடைக்கவில்லை. இப்போது தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மன்னிப்புக் கேட்டேன். "நீ வேணும்னு செய்யலம்மா," என்றாள். உண்மைதான். இருந்தாலும் சீருடை அணிந்த தாதிகளை அவள் பார்க்கும் பார்வையை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

யாமினி சம்மதித்த பிறகே இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படி முடங்கியிருந்தால் திட்டாதீர்கள். அம்மனை நம்பிக் கேளுங்கள். கிளினிக்கிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வருடம் நான் இரண்டையும் செய்யவில்லை. இனி என் பக்கத்தில் உட்காரச் சிலர் தயங்கலாம். பரவாயில்லை. அடுத்த வெள்ளியும் வருவேன். யாருக்காவது பேச வேண்டுமென்றால், பூஜை முடிந்தும் கொஞ்ச நேரம் இருப்பேன்.