இங்கிலாந்துக்குக் கேட்ட சூன் பாண்

வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளிநாட்டு வேலை பார்ப்பவனுக்கு ஊரில் ஒரே பெயர்தான்: வேலையில்லாதவன். என்னைப் போலவே ஹெட்செட்டும் காதுமாக மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் குடியிருப்பது கட்டுகஸ்தோட்டையில், ஒரு மேட்டுப் பாதையோரம், வாடகை வீட்டின் மேல்மாடியில். சம்பளம் தருவது இங்கிலாந்தின் வடக்கே ஒரு கம்பெனி. அந்தப் பக்கத்தில் வீட்டைச் சூடாக்க வீட்டுக்கு வீடு ஒரு பொய்லர் இருக்கும். அது பழுதானால் ஆட்கள் ஃபோன் எடுத்துக் கத்துவார்கள். அந்தக் கத்தலை வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கை அனுப்பி வைப்பது என் வேலை. ஒரு பொய்லரையாவது நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை.

சும்மா இருப்பவர்

என் மனைவி செல்வி டீச்சர். காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு மடுல்கெல்ல பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வீட்டில் இருப்பேன். மதியத்துக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இங்கிலீஷ் பேசுவேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி பரீதா ராத்தாவுக்கு இதையெல்லாம் பார்த்து செல்விமேல் ஒரே இரக்கம். மாதத்துக்கு ஒரு தரமாவது வட்டிலப்பம் கொடுத்தனுப்பி அவளைத் தேற்றுவார்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் குசினியில் தண்ணீர் பெருகிக்கொண்டிருந்தது. அவர் மறுமுனையில் அலறுகிறார், நான் இங்கே மெக்கானிக்கைத் தேடுகிறேன். கதவு தட்டப்பட்டது. திறந்து, காதிலிருந்த ஹெட்செட்டை விரலால் காட்டினேன். ராத்தா தலையாட்டிவிட்டு நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க சும்மாதானே ஈக்கிறீங்க? நான் டவுனுக்குப் போய்ட்டு வாறேன், கேஸ் சிலிண்டர் வந்தா கொஞ்சம் எடுத்து வைங்க."

குசினிக்குள் ஒரு கதிரை

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முறைப்பாட்டை யார் எடுத்தாரோ, அது தீரும்வரை அவரே பார்க்க வேண்டும். அப்படி என் தலையில் வந்து விழுந்தவர்தான் திருமதி டோரத்தி. வயதானவர், தனியாக இருப்பவர். பொய்லரின் ஒரு பாகம் வர வேண்டியிருந்தது, அது வரவில்லை. ஆகவே நாள் தவறாமல் என்னை அழைத்தார்.

குளிர் தாங்க முடியவில்லை என்று ஒருநாள் அழும் குரலில் சொன்னார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நான் வளர்ந்தது மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில். மார்கழிப் பனிக்கு நாங்கள் என்ன செய்வோமோ, அதையே சொன்னேன். மற்ற அறைகளைப் பூட்டிவிடுங்கள், அடுப்பு இருக்கும் குசினியில் மட்டும் இருங்கள், கதவு இடுக்கில் ஒரு பழைய துணியைச் சுருட்டி வையுங்கள்.

மறுநாள் அவராகவே அழைத்தார். "குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அம்மாவும் இதைத்தான் செய்வார். உங்கள் கம்பெனியில் மூளை உள்ள ஒருவராவது இருக்கிறீர்களே!"

ஐஸ்கிரீம் வாங்குபவர்கள்

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. இது கம்பெனிச் சட்டம். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கள் பாதைக்குத் தினமும் பின்னேரம் நடமாடும் பேக்கரியான சுனிலின் சூன் பாண் ஆட்டோ வரும். பாண், பணிஸ், மாலுப்பாண் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, தெருவுக்கே கேட்கும்படி பாட்டுப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவார். சத்தத்தைத் தடுக்கும் என்று சொல்லி வாங்கிய ஹெட்செட் அந்தப் பாட்டுக்கு முன்னால் தோற்றே போனது.

இங்கிலாந்தில் ஐஸ்கிரீம் வண்டிதான் அப்படிப் பாட்டோடு வருமாம். ஒருநாள் பாட்டு கேட்டதும் டோரத்தி அம்மா பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார். "இந்தக் குளிரில் ஐஸ்கிரீம் வண்டியா?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. இங்கே சிலர் எந்தக் காலத்திலும் வாங்குவார்கள் என்று சமாளித்தேன். அதற்கு அவர், "அங்கே பொய்லர்கள் நன்றாக வேலை செய்கின்றன போலிருக்கிறது" என்றார்.

ஊரின் குற்றம்

என் தகுதிகாண் காலம் முடியும் மாதம் அது. அதன் பிறகுதான் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். நான்தான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறேனே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலை போனால் அடுத்தது கட்டார்தான். அங்கே ஸ்டோர் ஒன்றில் இருக்கும் செல்வியின் அண்ணன் எனக்கு விசாவுக்குச் சொல்லியே வைத்திருந்தார். ரெண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றார். மகள் இப்போதுதான் முதலாம் வகுப்பு. செல்வி அண்ணனின் அழைப்பை எடுப்பதையே குறைத்துக்கொண்டாள்.

என் மேலதிகாரி கிரேக் வீடியோவில் வந்தார். பதிவான அழைப்புகளைக் கேட்டிருக்கிறார். தகரக் கூரையில் குரங்கு ஓடும் சத்தம், குக்கர் விசில், காகம், அந்தப் பாட்டு. இன்னொரு தடவை கேட்டால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். அந்த மாதக் கடைசிக் கிழமை முழுதும் தானே என் அழைப்புகளை நேரடியாகக் கேட்கப்போவதாகவும் சொன்னார். நல்ல மனிதர், சொல்வதற்கே சங்கடப்பட்டார். "உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. உங்கள் ஊரைத்தான் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்."

பாண் இல்லாத வீடு

சுனிலை மறித்துக் கெஞ்சினேன். பாட்டில்லாமல் போனால் பாண் அத்தனையும் தன் வீட்டுக்குத்தான் என்று அவர் மறுத்தார். அந்த நேரம் வாசல் கேட்டுக்கு வந்த பரீதா ராத்தா என்ன விஷயம் என்று விசாரித்தார். கட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "பொண்டாட்டி புள்ளய உட்டுட்டு போறதா? நீங்க உள்ளுக்குப் போங்க தம்பி, தெருவ நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். சுனில் எங்கள் வளைவுக்கு முன்னால் பாட்டை நிறுத்திவிட்டு, கொஞ்சநேரம் நின்று, யாருக்கும் தெரியாமல் கடந்து போனார். குக்கர்கள் எல்லாம் காலையிலேயே விசிலடித்து ஓய்ந்தன. குரங்குகளை விரட்ட ராத்தாவே ஈர்க்கில் கட்டோடு முற்றத்தில் நின்றார். நன்றி சொல்லப் போனால் கோபமாக இருந்தார்: "ஒங்கட வெள்ளக்காரனுக்குச் சொல்லுங்க, அவரால மூணு நாளா எங்கட ஊட்டுல பாண் இல்ல!"

அந்த ஆள்தானா?

கடைசிக் கிழமையில் டோரத்தி அம்மா அழைத்தார். அந்தக் கிழமைதான் கம்பெனி, அழைப்பவர்களிடம் முதலில் பேசுவதற்குக் கம்ப்யூட்டர் குரல் ஒன்றை வைத்திருந்தது. அதைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். கிரேக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தில், நானும் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். என் பின்னால் ஊரே மூச்சடக்கிக் கிடந்தது.

"நீயும் இயந்திரம்தானே? எனக்கு அந்த ஐஸ்கிரீம் வண்டி ஆள் வேண்டும்" என்றார் அவர். நான்தான் அது என்றேன். நம்பவில்லை. இயந்திரங்களும் இப்போது அப்படித்தான் சொல்கின்றனவாம். கம்பெனியோடு உள்ள ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். சுனில் வளைவில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஆனது ஆகட்டும் என்று ஜன்னலைத் திறந்து, பாட்டைப் போடச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன். மூன்று நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அவர் போட்டார்.

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு டோரத்தி அம்மா சொன்னார்: "ஆ, நீங்கள்தான். சரி, எனக்கும் ஒன்று வாங்கி வையுங்கள்."

நிரந்தரம்

அழைப்பு முடிந்ததும் கிரேக் வந்தார். ஒப்பந்தத்தை முறிக்க வந்தவரையே நிறுத்தி வைத்துவிட்டீர்கள், கடிதம் வரும், நிரந்தரம் என்றார். வண்டிப் பாட்டை இனி நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் படியிலேயே சொன்னேன். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அண்ணனுக்கு அவளே ஃபோன் எடுத்தாள்.

கீழே போய் ராத்தாவிடமும் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கையேந்திவிட்டு, அதே மூச்சில் கேட்டார்: "அப்ப இனி எந்த நாளும் ஊட்டுல சும்மாதானே ஈப்பீங்க? நாளைக்கி கேஸ் வரும் தம்பி."

கட்டாருக்குப் போய்ப் பெட்டி தூக்க வேண்டிய நான், கட்டுகஸ்தோட்டையிலேயே இருந்து பரீதா ராத்தாவின் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தைச் சூடாக்கி வருகிறேன்.