பதினோராம் பாகத்தில் காற்று இல்லை

அந்த மாயாஜாலக் கதையின் பதினோராம் பாகத்து அட்டையில் ஒரு பூதம் கப்பலைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே பூதமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மேல்காற்று ஓய்ந்து நடுக்கடலில் நின்றுபோன கப்பலில் உட்கார்ந்துகொண்டு, முந்தைய பத்துப் பாகங்களில் நடந்ததையெல்லாம் இளவரசன் மந்திரிக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். அதைத்தான் நாங்களே படித்துவிட்டோமே! இப்போது புரட்டினாலும் சுமாரான புத்தகம்தான். எழுதியவர் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான இரண்டாம் வருஷம், தூத்துக்குடியில் என் மாமனாருக்கு அதை நான் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். கண்ணில் புரை விழுந்து எழுத்துத் தெரியாமல் போயிற்று; மாயாஜாலக் கதைப் பைத்தியம் மட்டும் போகவில்லை. அதே தோணியில் இப்போது தண்டலாகப் போன என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று தந்தி வந்து ஒன்பது நாளாகியிருந்தது. இரண்டு மூன்று நாளில் வந்திருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாரோ மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், “ஏளா, புஸ்தகத்த எடு” என்பார். என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. சத்தம் காட்டாமல் எண்பது பக்கத்தைத் தள்ளிவிட்டு, வாடைக்காற்று பாய்களை நிரப்ப, கப்பல் கரையை நோக்கி விரைந்த இடத்தில் ஆரம்பித்தேன்.

“நிறுத்துளா. கச்சான் ஓஞ்சு கப்பல் நின்னுச்சுல்லா? வாடை எங்கன இருந்து வந்துச்சு? நடுவுல எத்தன மாசம் கெடக்கு! அம்புட்டையும் முழுங்கிட்டியா?”

மேல்காற்றைத்தான் அவர் கச்சான் என்பார். காற்றை வைத்து மாதம் சொல்லுகிறவரிடம் போய்ப் பக்கத்தைத் திருடினேன் பாருங்கள்! பிடிபட்ட ஆத்திரத்தில் புத்தகத்தைத் தரையில் போட்டேன்.

“உங்க மவன் எங்க இருக்காவளோ, என்ன ஆனாவளோ. உங்களுக்கு எவனோ ஒரு இளவரசன் கதைதான் பெருசாப் போச்சா, மாமா?”

அவர் கீழே தடவித் தடவிப் புத்தகத்தைத் தேடினார்.

“இந்த இளவரசன் இன்னைக்கே கரை சேந்துட்டா, நாளைக்கு நான் எதக் கேட்டுட்டு இருப்பேன்? சும்மா இருந்தா மவன் நெனப்புல்லா வருது. மெதுவா வாசிளா.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. விட்ட இடத்துக்கே திரும்பிப்போய், மந்திரி கொட்டாவி விட்டதைக்கூட விடாமல் வாசித்தேன். நாலு நாள் அப்படியே ஓட்டினோம்.

பதிமூன்றாம் நாள் காலையில் தோணி வந்தது. வாசலில் உப்புப் பூத்த முகத்தோடு வீட்டுக்காரர் நின்றார். மாமனார் எழுந்துபோய் அவர் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். என்னதான் ஆச்சு என்று நான் கேட்டேன்.

“காத்து விழுந்துபோச்சு. வேற ஒண்ணுமில்ல. சோறு இருக்கா?”

பதிமூன்று நாளை நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்! எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“மொத நாள்ல இருந்து சொல்லுங்க. சும்மா கெடந்த நாளையும் சொல்லணும்.”