ஏழு கிராம் ஈரம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு துணியின் முதுகில் நூல் கோத்து இழுத்துக் கட்டியதுதான்.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குன்னூர் கடைவீதியில் வேலுமணியின் ஃப்ரேம் கடை. வெளியே எதிர்க் கடை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. மேசையில் சுத்தமான துண்டை விரித்து, அதன்மேல் கிராஸ் ஸ்டிச் தையல் படத்தைக் குப்புறப் போட்டிருந்தார். அதன்மேல் அமிலமில்லாத அட்டை. துணியின் ஓரங்களை அட்டைக்குப் பின்னால் மடித்து, கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுப்பதுபோல் இந்தப் பக்கத்து மடிப்பிலிருந்து அந்தப் பக்கத்து மடிப்புக்கு நூலை ஓட்டிக்கொண்டே போனார். மடிப்பை இழுத்து நகராமல் பிடித்துக்கொள்வது மகள் சுவாதியின் வேலை.

“பம்புல போல்ட் முடுக்கற மாதிரி இழுக்காதே அம்முணி. கட்டமெல்லாம் கோணிக்கும்.”

“எவ்வளவு இழுக்கோணும்னு ஒரு அளவு சொல்லுங்கப்பா.”

“அதைய வெரலு சொல்லும்.”

“வெரலுக்குச் சர்டிபிகேட் இருக்குதுங்களா?”

வேலுமணி சிரித்தார். சுவாதி கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகர். அளக்க முடியாததை அவள் நம்பமாட்டாள். அந்தக் கடையில் இருந்த எலக்ட்ரானிக் தராசு அவள் வாங்கிக் கொடுத்தது. துணியையும் அட்டையையும் நூலையும் நல்ல வெயில் நாளில் நிறுத்து எழுதிவைப்பார் வேலுமணி. கட்டி முடித்தபின் மறுபடி நிறுப்பார். இரண்டு எடையும் ஒன்றாகும் வரை பின்பக்கத்தை மூடமாட்டார். மலையில் எத்தனையோ பேர் ஃப்ரேம் போடுகிறார்கள். நிறுத்துப் பார்த்து மூடுகிறவர் அவர் ஒருவர்தான்.

வெயிலில் 412 கிராம். அன்றைக்கு 419.

“ஏழு கிராம் மேகத்தை உள்ளார வெச்சுப் பூட்டுனா ஆறே மாசத்துல பூஞ்சை புடிச்சுக்கும். வெயில் வரட்டும்,” என்றார்.

சுவாதி நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை காலையில், கடைவீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் வேலுமணி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்து நான்கு.

அன்னூர்ப் பக்கத்துக்காரர். இருபது வயதில் வெலிங்டனில் ராணுவத்தின் தச்சுப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். பயிற்சி முடித்துப் போகும் ஒவ்வொரு அணியின் குரூப் போட்டோவுக்கும் அங்கே சட்டம் போட வேண்டும். போட்டோ என்றால் பசை தடவி அட்டையில் ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்தினால் தீர்ந்தது. வேலையை விட்டுக் கடை போட்ட வருடம் பிரிஸில்லா டீச்சர் தன் ரோஜாத் தையலைக் கொண்டுவந்தார். அதையும் போட்டோவைப் போலவே ஒட்டினார் வேலுமணி. இரண்டு மழைக்காலம் போனதும் பூக்களைச் சுற்றி டீக்கறை மாதிரி பழுப்பு ஏறிவிட்டது. டீச்சர் கவனிக்கக்கூட இல்லை. இவர்தான் சுவரில் பார்த்துவிட்டு, “நாந்தானுங்க கெடுத்துட்டேன், ஒட்டியிருக்கக் கூடாது,” என்று அவர் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார். அந்த ரோஜா அன்றிலிருந்து கடையில்தான் தொங்கியது. யாராவது “ஒட்டிக் குடுத்துருங்க, சீக்கிரம் ஆகும்” என்றால் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார்.

முப்பது வருடம் துணிமேல் பசை வைக்காத அந்த மனிதர்மேல்தான் பழி வந்தது.

தேவர்சோலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தெய்வம்மா நாலு வருடம் உட்கார்ந்து ஒரு படம் தைத்தார். எட்டு வயதில் இலங்கையில் விட்டுவந்த லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. ஏழு கதவு, ஒரே கூரை, மூன்றாவது வாசலில் ஒரு சிவப்புக் குடம். கடையில் விற்கும் மாதிரிப் படம் இல்லை, மகனுடைய கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகத் தானே வரைந்துகொண்டது. வேலுமணி அதைக் கழுவி, சாயம் இறங்காமல் காயவைத்து, நூலால் கட்டி, துணியில் கண்ணாடி படாதபடி நடுவே மெல்லிய சட்டம் வைத்து மூடிக் கொடுத்தார். கீர்த்திவாசன் என்பவரின் கைவேலைப்பாடு ஷோரூமில் அது விற்பனைக்குப் போனது.

ஷோரூமில் அந்தச் சாதா மரச்சட்டம் பிடிக்கவில்லை. பிரித்தார்கள். நூலை அறுத்தார்கள். சுருக்கமே தெரியக் கூடாதென்று துணியை வெள்ளைப் பசையால் பிளைவுட்டில் ஒட்டி, அகலமான தங்க நிறச் சட்டத்தில் கண்ணாடி துணியோடு ஒட்டும்படி அழுத்தி மாட்டினார்கள். அடுத்த ஆடி மழைக்குள் கூரை பழுப்பேறியது, குடத்தின் சிவப்பு வாசல்வரை ஒழுகியது. கீர்த்திவாசன் தெய்வம்மாவுக்குப் போன் போட்டு, ஃப்ரேம்காரர் ஈரத்தோடு மூடிவிட்டார் என்று சொன்னார். ஷோரூம் ஆள் ஒருவன் படத்தைப் பிளைவுட்டோடு வேலுமணியின் கடையில் போட்டுவிட்டுப் போனான்.

பதினோரு நாள். ஈரத் துண்டில் சுற்றி வைத்து, நாளுக்கு ஒரு விரல்கடை அளவாகத் துணியைப் பிரித்தெடுத்தார். கூரை ஓரத்தில் கொஞ்சம் கறை தங்கிவிட்டது. மற்றபடி லயம் திரும்பி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேசையில் கட்டியது அதைத்தான். பிளைவுட்டில் இறுகிக் கிடந்த பசையில், தையலின் பின்பக்கம் முழுவதும் அச்சாகப் பதிந்திருந்தது. ஏழு கதவும் அதே வரிசையில், பள்ளம் பள்ளமாக.

“தெய்வம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கப்பா. இப்பவே,” என்று சுவாதி அந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள்.

“போன்ல சொன்னா, ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரன் மேல பழி போடறான்னுதான் படும். படத்தையும் பலகையையும் கொண்டுபோயி முன்னால வெச்சாத்தான் பேச்சு.”

“அதுவரைக்கும் நீங்க கெடுத்ததாவே இருக்கோணுமா?”

“நானும் ஒரு காலத்துல ஒட்டுனவன்தான அம்முணி.”

அப்பா ஒட்டியதை ஒப்புக்கொண்டார். ஷோரூம்காரர்கள் ஒப்புக்கொண்டார்களா? அதைக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தக் கோபம் அப்பா மீதும் கொஞ்சம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் கீர்த்திவாசன் துக்கம் விசாரிக்க வந்தார். பெரிய மாலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவாதியின் அம்மா சாந்தாமணியிடம், “தங்கமான மனுசனுங்க. கடைசில கை நடுங்கி ஒண்ணு ரெண்டு வேலை கெட்டுப் போச்சு. வயசுன்னா அப்படித்தானுங்களே,” என்றார்.

புருஷனை இழந்தவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சுவாதி எழுந்து உள்ளே போய் பிளைவுட்டைக் கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்தாள்.

“இது யாரு நடுங்குன கைங்க?”

அவர் பார்த்தார். கதவுகளை எண்ணியிருப்பார்.

“துக்க ஊட்ல இதெல்லாம் எதுக்குங்க இப்ப.”

“துக்க ஊட்ல ஆரம்பிச்சது நீங்கதான். அப்பா துணில பசை வெக்கமாட்டாரு. குன்னூருக்கே தெரியும். உங்க ஆளுங்க ஒட்டினது.”

“யாரோ தெரியாம ஒட்டியிருப்பாங்க…”

“சரிங்க. அதைத் தெய்வம்மாகிட்டச் சொல்லுங்க. நம்பர் போட்டுத் தர்றேன்.”

“இங்க டவர் கிடைக்காதுங்களே.”

“எனக்கு நாலு கோடு காட்டுது.”

“சாமி, விடு,” என்றாள் சாந்தாமணி மகளிடம்.

கீர்த்திவாசன் பலகையை ஜாக்கிரதையாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போனார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதானே முறை. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

அன்று மாலை தெய்வம்மாவே போனில் வந்தார். சேதி அப்போதுதான் எட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அழுதார்.

“ஐயா நேர்ல வாரேன்னு மட்டும் போன்ல சொன்னாரே தாயி. படம் சரி பண்ண ஏலாமப் போனாலும் பரவாயில்ல. கை நடுங்குற மனுசன், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய.”

கை நடுக்கம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. சுவாதியின் வாய்வரை எல்லாம் வந்தது: பசை, பிளைவுட், தங்கச் சட்டம், தேதி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பன் பேரைக் காப்பாற்ற மகள் பேசுகிறாள் என்று அந்த அம்மாள் மரியாதையாக ‘ம்’ கொட்டியிருப்பார். அப்பா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எரிச்சலோடு புரிந்தது.

“நேர்ல வர்றேங்கம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

எட்டாம் நாள் வெயில் அடித்தது. அதற்கு அடுத்த நாளும். கடையைத் திறந்து படத்தை ஜன்னலோரம் நிழலில் வைத்தாள். பத்தாம் நாள் மதியம் தராசு 414 காட்டியது. பரவாயில்லை என்று மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. மூடவில்லை. மறுநாள் 412. மெல்லிய சட்டத்தை வைத்து, கண்ணாடியைத் துடைத்து, பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி மூடினாள். தாளின் மூலையில் தேதியையும் இரண்டு எடைகளையும் பென்சிலால் எழுதினாள். அப்பா அங்கே கையெழுத்தும் போடுவார். அந்த இடத்தைச் சும்மா விட்டாள்.

வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்திருந்த பிளைவுட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள், அதன் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியிருக்கவில்லை, நாலு மூலையிலும் குண்டூசியால் குத்தியிருந்தது. அப்பாவின் நேரான கையெழுத்து:

‘தெய்வம்மா, தேவர்சோலை. படம், பலகை ரெண்டும் ஒண்ணா. நேர்ல குடுக்கோணும். பஸ்ல மேல வைக்கக் கூடாது, மடியில. வெயில் வந்ததும்.’