எடுத்ததை யார் பார்த்தது?

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை நர்ஸ் என் கையில் ஒரு சூயிங் கம்மைக் கொடுத்து, மெல்லுங்கள் என்றாள். ஜெர்மனியில் அதற்குக் காவ்கும்மி என்று பெயர். மயக்க மருந்தின் மிச்சத்தில் நான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். நம் ஊரில் வயிற்றைத் திறந்து தைத்த ஆளுக்குத் தண்ணீரைக்கூடப் பஞ்சில் நனைத்து உதட்டில்தான் தடவுவார்கள். அங்கே என்னடாவென்றால், பெருங்குடலின் வலப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சவைக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். வாய் மென்றால், சாப்பாடு வருகிறது என்று நம்பிக் குடல் விழித்துக்கொள்ளுமாம். "உங்கள் குடலைக் கொஞ்சம் ஏமாற்றுகிறோம்" என்றாள். அதன்பிறகு தினமும் வணக்கம் சொன்ன கையோடு, காற்றுப் பிரிந்ததா என்று கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெர்மன் பாட்டி அந்தக் கேள்விக்கு வானிலை அறிக்கை மாதிரி விவரமாகப் பதில் சொல்வாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே, ஒருநாள் காலையில் ஆமாம் என்றேன். நர்ஸ் கை தட்டாத குறைதான்.

நான் சங்கரன்கோவில்காரி. கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. போன வருஷம் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தம் குறைவு என்றார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று குழாயில் கேமராவை விட்டுத் தேடியபோது, குடலில் கட்டி இருந்தது. டாக்டர் என்னையே உட்காரவைத்து, என் முகத்தைப் பார்த்து, புற்றுநோய் என்று சொன்னார். என் வீட்டுக்காரர் முருகேசன் பக்கத்தில்தான் இருந்தார். அவரை வெளியே கூப்பிட்டு முதலில் சொல்வார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு, அது நோயைவிடப் பெரிய அதிர்ச்சி.

ஆஸ்பத்திரியில் இருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். ஆவுடை அக்கா சங்கரன்கோவில் ரத வீதியில் சின்னதாக ஜாக்கெட் துணிக்கடை வைத்திருக்கிறாள். அங்கேயே தைத்தும் கொடுப்பாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கட்டியை எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"எடுத்துட்டாவன்னு சொல்லுத. சரி. எடுத்தத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல அக்கா. இங்கன காட்ட மாட்டாவ."

"ஒம் மாப்பிள்ளயக் கூடவா கூப்புடல? காட்டாம எப்படிட்டி நம்ப?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதை வாசிக்கிற ஊர்க்காரர்களுக்கு அக்காவின் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி வந்து, திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தபோது, நாங்கள் அத்தனை பேரும் தியேட்டருக்கு வெளியே வராந்தாவில்தான் கிடந்தோம். குருவிகுளத்துச் சித்தப்பா, கடையநல்லூரில் இருந்து அப்பாவின் வியாபாரக் கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கதவு திறந்தது. "பேஷண்ட் கூட யாரு? ஒருத்தர் மட்டும் வாங்க" என்று குரல் வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்காதான் எழுந்து போனாள். பச்சை உடுப்பில் நின்ற டாக்டர் ஒரு ஸ்டீல் தட்டை நீட்டி, "பாத்துக்கோங்கம்மா, இதுதான்" என்றாராம். அக்கா பார்த்தாள். வெளியே வந்து, "பாத்தாச்சு. போயிட்டு" என்றாள். பார்த்தாயிற்று, போய்விட்டது என்ற அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் வராந்தா முழுவதும் மூச்சு விட்டது. பிறகு வந்து விசாரித்த ஒவ்வொருவருக்கும் அக்கா அதன் அளவைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எலுமிச்சை அளவு இருந்தது, வீட்டுக்கு வரும்போது மாங்காய் ஆகி, ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் தேங்காயாகவே முற்றிவிட்டது. அப்பா அதன்பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். அக்காவைப் பொறுத்தவரை, அவள் பார்த்ததால் இருந்தார்.

ஜெர்மனியில் எனக்கு நடந்தது வேறு. அறுவை முடிந்ததும் டாக்டர் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, நன்றாக முடிந்தது, மாலையில் வந்து பார்க்கலாம் என்றார். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான். வராந்தாவும் இல்லை, தட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்த பிறகு அக்காவின் கேள்வி என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மென்மையான சாப்பாடு என்று அவர்கள் சொன்னதைத்தான் சாப்பிட்டேன். இருந்தாலும் வயிற்றில் சுருக்கென்றால், அது அங்கேயேதான் இருக்கிறது என்று தோன்றும். தையல் போட்ட வயிறு மூடிய பெட்டிதானே, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? படித்தவள்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. நன்றாக முடிந்தது என்ற ஒரு போனால் அந்தப் பயத்தைத் துடைக்க முடியவில்லை.

வெட்டி எடுத்ததன் ஆய்வு முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "எர் நுல்" என்றார். எர் என்பது ஆர் என்கிற எழுத்து, நுல் என்றால் பூஜ்யம். கட்டியில் மிச்சம் எதுவும் உள்ளே இல்லை, கீமோவும் தேவையில்லை, குறித்த நாட்களில் பரிசோதனைக்கு மட்டும் வந்தால் போதும் என்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான், "அதைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். டாக்டர் உடனே ஆய்வு முடிவை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். "இதை இல்லை, அதை" என்று வயிற்றைக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் சிகிச்சையில் உங்களுக்கு ஏதாவது அதிருப்தியா என்று மெதுவாகக் கேட்டார். அய்யோ இல்லை, எங்கள் ஊரில் காட்டுவார்கள் என்றேன். "யாருக்கு?" "குடும்பத்துக்கு." "எதற்கு?" இதற்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல்ல? போய்விட்டது என்று தெரிவதற்கு என்றேன். "ஆனால் நான்தான் சொல்கிறேனே" என்றார் பாவம், மனது புண்பட்ட மாதிரி. வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அதன் விளைவாக, புற்றுநோய்க்காரர்களின் மனதைப் பார்க்கிற ஓர் அம்மாவிடம் என்னை அனுப்பிவைத்தார்கள். மெழுகுவத்தி, பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை, சாய்வு நாற்காலி என்று நல்ல அறை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் உறுப்பிடம் விடைபெற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, அது என்னிடம் விடைபெற்றதா என்று பார்க்க வேண்டும்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். ஆனால் நல்ல மனுஷி. எங்கேயோ போன் போட்டு, என்னை ஆஸ்பத்திரியின் கெல்லருக்கு, அதாவது நிலவறைக்கு, அனுப்பி வைத்தார். பதோலோகி என்கிற திசு ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. உடம்பில் இருந்து வெட்டி எடுக்கிற எதுவும் அங்கேதான் போய்ச் சேரும்.

அங்கே டாக்டர் க்ரூபர் என்று ஒரு பெண். ஓய்வு பெறுகிற வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. பயந்துகொண்டே போன எனக்கு அவர் காட்டிய உற்சாகம் விசித்திரமாக இருந்தது. "இத்தனை வருஷத்தில் என்னைத் தேடி நடந்து வந்த முதல் நோயாளி நீங்கள்தான்" என்றார். அக்காவும் பார்க்க வேண்டும் என்றேன். "உங்களுடையதுதானே, காட்டுங்கள்" என்றார். அக்காவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், கடையில் கூட்டம் இல்லை. தையல் மெஷினில் போனைச் சாய்த்துவைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் க்ரூபர் மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தூக்கிவந்தார். கல்யாண வீட்டு ஊறுகாய் வாளிதான், அச்சு அசல். திறந்ததும் மருந்து நெடி கண்ணில் ஏறியது. உள்ளிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான, சாம்பல் நிறத்தில் விரித்துவைத்த ஏதோ ஒன்றை எடுத்து வைத்தார். ஓரத்தில் நீல மை. நடுவில் ஒரு புண், விளிம்பு தடித்து, அரை எலுமிச்சை அளவுக்கு. அதிலிருந்து அவர் ஆய்வுக்கு எடுத்த இடங்கள் கீற்றுக் கீற்றாக வெட்டுப்பட்டிருந்தன. அருவருப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. குனிந்து குனிந்து பார்த்தேன். ஐம்பது வருஷமாக என் சோற்றையெல்லாம் வாங்கிக்கொண்டது இதுதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

"வெளிச்சம் அடிக்கி, கொஞ்சம் தள்ளிப் புடி" என்றாள் அக்கா. பிறகு, "ஏ அம்மா, இம்புட்டுதானா? நான் பெருசா இருக்கும்லா நெனச்சேன்."

"இதான் அக்கா."

"அந்தப் புண்ணு மட்டுந்தான கெட்டது? மத்ததெல்லாம் பாக்க நல்லாத்தானட்டி இருக்கு. இவ்வளவு நல்ல கொடல எதுக்கு வெட்டினாவ? துணிய வீணாக்குன மாதிரி."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் க்ரூபர் சிரித்துவிட்டு, கட்டியை ஒட்டி வெட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் நோய் ஒளிந்திருக்கலாம், அதனால் நல்லதையும் தாராளமாகச் சேர்த்துத்தான் வெட்டுவோம், மை பூசிய ஓரத்தில் ஒன்றும் இல்லை என்றால்தான் நுல் என்று எழுதுவேன் என்றார். அந்த ஓரத்தில் விரலை வைத்து, இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கமும் சுத்தம் என்று காட்டினார். அக்கா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். அவள் நெற்றியும் குங்குமமும் மட்டும் திரையில் தெரிந்தன.

"சரி. பாத்தாச்சு" என்றாள். "போயிட்டு."

நான் அங்கேயே நின்று அழுதேன். துக்கம் என்று நினைத்து டாக்டர் க்ரூபர் கைக்குட்டை தேடினார். துக்கம் இல்லை. வயிற்றில் கட்டி இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அக்காவுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. "இத இனி என்ன செய்வாவ?" வாளியில் இருப்பதை எரித்துவிடுவார்கள். ஆனால் அதில் வெட்டி எடுத்த துண்டுகளை மெழுகில் புதைத்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் க்ரூபர் இழுப்பறையில் இருந்து இரண்டை எடுத்துக் காட்டினார். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஒன்றில் கட்டி, இன்னொன்றில் நல்ல ஓரம். பின்னால் யாராவது மறுபடி பார்க்க வேண்டி வரலாம் என்று பல வருஷம் இந்தக் கெல்லரிலேயே பத்திரமாக இருக்கும் என்றார். அக்காவிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. "கெட்டத வைக்கட்டும். நல்லது என்ன பாவம் பண்ணுச்சு? தனியா அங்கன கெடக்கணுமா?" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

என்னைப்போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். விசா அலுவலகத்தில் எத்தனை காலைகள் வரிசையில் நின்றிருக்கிறேன். எத்தனை முறை புகைப்படம், எத்தனை முறை கைரேகை. என் குடலின் ஒரு துண்டு ஒரு கேள்வியும் இல்லாமல் அங்கே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அதுவும் நல்ல துண்டு. நோயைச் சேர்ந்தது இல்லை, ஆனாலும் நோய்க்குப் பக்கத்தில் இருந்த காரணத்தால் பிரிந்து வந்தது. ஊருக்கும் எனக்கும் நடுவே நடந்ததும் ஏறக்குறைய இதுதானோ என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். விடை கிடைக்கவில்லை, என் நிறுத்தத்தைத் தவறவிட்டதுதான் மிச்சம்.

இப்போது சங்கரன்கோவிலில் இருக்கிறேன். அக்கா எனக்காக வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். நேற்று கோமதி அம்மன் சன்னிதிப் பிரகாரத்தில் என்னைப் படுக்கவைத்து, வயிற்றில் ஈரத்துண்டைப் போட்டு, அதன்மேல் வாழை இலை வைத்து, வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த விளக்கில் நெய் ஊற்றித் திரியைக் கொளுத்தினாள். கல்தரை முதுகில் குளிர்ந்தது. நெய் வாசனை வந்தது. தழும்புக்கு வலது பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்கு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. நரம்பு வளர நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சுடுதாட்டி?" என்றாள் அக்கா.

"இந்தப் பக்கம் சுடுது. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல."

அவள் மரத்த பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள். திரி அடங்கும்வரை எடுக்கவில்லை.

விளக்கு மலையேறிய பிறகு மாவை உதிர்த்துச் சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். என் வாயிலும் ஒரு உருண்டை போட்டாள். பிறகு வாழை இலையில் இன்னொரு உருண்டையை வைத்துக் கட்டி என் கைப்பைக்குள் திணித்தாள்.

"இது அந்த டாக்டரம்மாவுக்கா?" என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு வேணும்னா தனியாத் தாரேன். இது அங்கன மெழுகுக்குள்ள இருக்காளே, அவளுக்கு."

நாளை மறுநாள் விமானம். கெட்டுப்போகும், விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள் என்று வீட்டுக்காரர் போனில் சொல்கிறார். போட்டால் போடட்டும். இது என்ன என்று கேட்டால் சாமிப் பலகாரம் என்பேன். யாருக்கு என்று கேட்டால், எனக்குத்தான் என்பேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.