சகலனும் நானும் கட்டிய வேலி

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வளவுக் காணியும் வீடும் சீதனமாகப் பெண்பிள்ளைகளுக்குத்தான். செட்டிபாளையத்து வளவில் மாமி தன் இரண்டு மகள்மாருக்கும் அருகருகே வீடு கொடுத்தார். மூத்தவளைக் கட்டியவன் நான். இளையவளைக் கட்டிய சகலன் கத்தாரில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டுப் போன வருசம் திரும்பி வந்தான். அதுவரை அந்த வளவில் இங்கிலீசு என்றால் நான்தான். அரசாங்கக் கந்தோரில் கடிதம் எழுதுகிறவன் அல்லவா.

ஒரு பின்னேரம், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அப்பா, புட் அப் வித் எண்டா என்ன?" என்று கேட்டாள். புட் என்றால் வை, அப் என்றால் மேலே, வித் என்றால் கூட. "ஒண்டோட சேத்து மேல வைக்கிறது," என்றேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சகலன், "பொறுத்துப் போறது மகள். கோவக்கார முதலாளிமாரோட நாங்க அங்க இருந்தமே, அதுதான்," என்றான். அன்றிலிருந்து அவள் புத்தகத்தோடு சித்தப்பா வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. இந்த மாதிரிச் சொற்களுக்கென்றே டவுனில் ஒரு புத்தகம் வாங்கி பஸ்ஸில் பாடமாக்கினேன். கிவ் அப், கைவிடு. கிவ் இன், விட்டுக்கொடு. அவனிடமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோட்டல் கதை இருந்தது. ரன் அவுட்டுக்கு, பாதிக் குளிப்பில் சவர்க்காரம் முடிந்துபோய் விருந்தாளி இடுப்பில் துவாயோடு வெளியே ஓடிவந்த கதை. வாவிக் காற்றுக்கு மகள் சிரிக்கிற சத்தம் என் விறாந்தை வரை வரும். என்னோடு இருந்து படிக்கும்போது கொட்டாவி விட்டவள்தான்.

ஆடு பூக்கன்றைத் தின்கிறது என்று சொல்லி, இரண்டு வீட்டுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி கட்டப் புறப்பட்டேன்.

"வளவு உங்கட சீதனமா? அம்மா எங்களுக்குத் தந்தது," என்றாள் மனைவி. "கட்டுறதெண்டாக் கட்டுங்க. ஆக்கள் போய்வரக் கடப்பு ஒண்டு விடவேணும்."

கிடுகு வேலியை ஒருவன் தனியாகக் கட்ட முடியாது. இந்தப் பக்கமிருந்து ஓலைக்குள்ளால் கயிற்றைக் குத்திக் கொடுத்தால், மறுபக்கம் ஒருவன் வாங்கி இழுத்துத் திருப்பித் தரவேண்டும். கூப்பிடாமலே சகலன் வந்து நின்றான். அவனை மறிக்கக் கட்டுகிற வேலிக்கு அவனே கயிறு இழுத்தான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பாதி கட்டியபோது கிடுகுக்கு அப்பால் இருந்து சொன்னான்: "நீங்க குடுத்து வச்ச ஆள் அண்ணன். உங்கட மகள் அங்க வந்தும் அப்பா அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் எண்டுதான் கதைக்கிறா. எண்ட மகள் என்னை இன்னும் போன்ல பேசுற ஆள் மாதிரித்தான் பாக்கிறா. ஒண்டும் கேக்க வாறல்ல."

நான் அடுத்த கட்டுக்குக் கயிற்றைக் குத்திக் கொடுத்தேன். கயிறு என் பக்கம் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானது.

மறுநாள் பின்னேரம் என் மகள் கடப்பால் அந்தப் பக்கம் போனாள். வயிறு பழையபடி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதே கடப்பால் அவனுடைய மகள் கணக்குக் கொப்பியோடு வந்து, "பெரியப்பா, இதச் சொல்லித் தாங்க," என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். கடப்படியில் சகலன் நின்றான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது.

"அப்பாட்டப் போய்க் கேளுங்க மகள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னக் கணக்குத்தான். நேரம் எடுத்து, ஆற அமரச் சொல்லிக் கொடுத்தேன்.