அழுத்தியும் பேசாத பொத்தான்

இரண்டு வருடங்களுக்கு முன், மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடந்த சித்திரை மாதம். நான் புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உப்பளத் தொழிலாளர்களுக்கான இலவசக் கண் முகாமுக்குப் பெயர் பதியும் இணையப் பக்கத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. நம்ம மரக்காணத்துக்கு ஆயிற்றே என்று பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் டீமில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படிவத்தின் பொத்தானுக்கு 'டிசேபிள்ட்' என்ற பண்பைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பொத்தான் மங்கிக் கிடக்கும். அழுத்தினாலும் என்ன குறை என்று சொல்லாது. அதை எழுதினாலே எழுதுபவர் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வரும். குறையை எடுத்துச் சொல்லும்படி எழுத எனக்குச் சோம்பல். அந்தப் பண்பையே கொடுத்து, எச்சரிக்கையை அடக்க ஒரு வரி நிரலும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் பொத்தான் தானாக வேலை செய்யப்போகிறது, இதிலென்ன என்ற திமிர்தான்.

ஆடியில் இன்னொரு முகாம் நடந்தது. எங்கள் தெருவிலிருந்து உப்பளத்துக்குப் போகும் அக்கா ஒருவர் அங்கே போய்விட்டு அழுத முகத்தோடு வந்தார். வலது கண் நரம்பு செத்துவிட்டதாம். மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர்.

"ஏங்க்கா, சித்திரையிலயே பேர் குடுக்கலியா?"

"குடுத்தேன் தம்பி. பாத்தியில நின்னுகினே போன்ல எல்லாம் போட்டேன். கதவு நம்பர் கேட்டுச்சு. நம்ம தெருவுல ஏது நம்பரு? வுட்டுட்டேன். கடைசில மூணு வாட்டி அழுத்துனேன், ஒண்ணும் சொல்லல. சரி, போயிருக்கும்னு நெனச்சேன். கூப்புடுவாங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

எங்கள் தெரு புறம்போக்கு. ஒரு வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. அந்த ஆபீஸில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். உச்சி வெயிலில், வெள்ளை வெளேரென்ற உப்புக்கு நடுவில், அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் பொத்தான் மங்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னா குறைன்னு அது சொல்லியிருந்தா, உன்கிட்டயே வந்து கேட்டிருப்பேனே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே அதைத் திருத்தினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கெட்டது என் கண்ணும் இல்லை. இப்போதும் அந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்தால், உப்பள வரப்பில் வலப்பக்கம் பார்க்க முழுத் தலையையும் திருப்பித் திருப்பி நடக்கும் அக்காதான் கண்முன் வருகிறார். அதை அடக்க எனக்குக் கை வருவதில்லை.