பிடி கிடைக்காத கால்

சீவிய பனிக்கட்டியில் சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் கிண்ணம் மேசைக்கு வந்ததும் யுகேந்திரன் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, காம்பால் குத்திப் பார்க்கிறார். மேலே பொலபொலவென்று இறங்குகிறது. அடியில் இறுகிக் கிடக்கிறது. எதிரே மனைவி மோகனா தன் கிண்ணத்தில் சாப்பிடத் தொடங்குகிறாள். கடற்கரை மணல், ஈரமண், உப்பு மூட்டை என்று எதைக் கண்டாலும் அவர் குத்திப் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. முன்பெல்லாம் குத்திவிட்டுச் சாப்பிடுவார். இப்போது அது கரைந்து சிவப்புத் தண்ணீராகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மலேசியாவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் வசிக்கும் இந்த ஒல்லி மனிதருக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. வால்நட்சத்திரம் ஒன்றில் இறங்கப் பல நாட்டார் சேர்ந்து செய்த ஆளில்லாக் கலத்துக்குக் கால்கள் அவர் பொறுப்பு. இறங்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு ஒருமுறை கேட்டார்.

“இங்க ஒரு மோட்டார் சைக்கிள் பாரம் இருக்கிற சாமான், அங்க ஒரு தாள் பாரம்கூட இல்லண்ணே. தொட்டா எகிறிடும். கெட்டியா பிடிச்சுக்கணும். ஆனா தரை பஞ்சா பாறையான்னு போனாத்தான் தெரியும் லா.”

தூரத்திலிருந்து எடுத்த படங்களில் புழுதி தெரிந்தது. அதை நம்பி, மென்மையான தரையைத் துளைக்கும் திருகாணிகளைக் கால்களில் பொருத்தினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கலம் இறங்கியது. தொட்டுவிட்டது என்ற செய்தி பூமிக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். இங்கே எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே கலம் எகிறிப் போயிருந்தது. புழுதிக்கடியில் பனி கல்லாக உறைந்திருந்ததால் திருகாணி ஏறவில்லை. உருண்டுபோன கலம் ஒரு செங்குத்துப் பாறையின் நிழலில் சிக்கிக்கொண்டது. மின்சாரம் தரும் சூரியத் தகடுகளில் வெயில் படவில்லை. மின்கலம் தீரத் தீர அதன் குரல் மெலிந்து, ஒருநாள் நின்றுபோனது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்.

“நீங்க ஒருத்தரா செஞ்சீங்க? எத்தன பேரு சேர்ந்து செஞ்சது,” என்றாள் மோகனா.

“மத்ததெல்லாம் நல்லாத்தான் வேல செஞ்சிச்சு. கால்தான் பிடிக்கல. கால் நான் செஞ்சது.”

அவர் தொடாமல் ஆறிப்போன சோற்றுத் தட்டை அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இனிமேல் அதன் குரலுக்காகக் காத்திருப்பதில்லை என்று போன வாரம் குழு முடிவு செய்தது. ஆய்வுக்கூடத்து மணல் தொட்டியில் நின்ற மாதிரிக் கலத்தையும் பிரித்துவிடச் சொன்னார்கள். உடன் வேலை செய்யும் ஹைருல் திருப்புளிகளை எடுத்து வைத்துவிட்டுத் தள்ளுவண்டி கொண்டுவரப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது யுகேந்திரன் தொட்டிக்குள் மண்டியிட்டிருந்தார். மாதிரியின் ஒரு காலை இரண்டு கைகளாலும் மணலில் அழுத்திப் பிடித்திருந்தார். ஹைருல் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.